மாதிரிக்குப் போட்ட எண்

சொந்த அக்காவின் கைபேசி எண்ணை, வீடு வீடாக ஆக்சிஜன் சிலிண்டர் அனுப்பும் கம்பெனி ஒன்றின் அவசர எண்ணாக உலகத்துக்கே அறிவித்துவிட்டு, அதை அறியாமல் கேக் வெட்டிக்கொண்டிருந்தான் பிக்சல்.

கேக்கின் மேல், அந்தக் கம்பெனிக்காக அவன் வடிவமைத்த புதிய இணையதளத்தின் முதல் பக்கத்தை அப்படியே கிரீமில் வரைந்திருந்தார்கள். வரைவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. முக்கால்வாசி வெள்ளை, நடுவில் ஓர் எண். அந்த எண்ணின் குறுக்கேதான் கத்தி இறங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். பிக்சலும் தட்டினான், தனக்குத்தானே.

பிக்சல் என்பது அலுவலகம் வைத்த பெயர். திரையில் ஒரு புள்ளி இடம்மாறியிருந்தால் அவனுக்கு அன்றைக்குத் தூக்கம் வராது. பொத்தானின் மூலையை எவ்வளவு வளைப்பது என்று ஒரு வாரம் யோசிப்பான். தன் சட்டைப் பொத்தான் ஒன்று மூன்று மாதமாக இல்லை என்பது மட்டும் கண்ணில் படாது. அக்கா துணி ஆல்டரேஷன் செய்பவள். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும், "சட்டையைக் கழட்டுடா, ரெண்டு நிமிஷம்" என்பாள். "இப்ப டைம் இல்லக்கா" என்பான்.

சிலிண்டர் கம்பெனியின் பழைய இணையதளத்தை முதன்முதலில் திறந்தபோது அலுவலகமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிவப்பில் மின்னும் எழுத்து, ஓடும் எழுத்து, முதலாளி டை கட்டி நிற்கும் படம். மேலே ஐந்து எண்கள், கீழே ஐந்து எண்கள், நடுவிலும் ஐந்து எண்கள். எல்லாம் அதே ஐந்து எண்கள். பக்கத்தில் "உடனே கூப்பிடவும்!!!" என்று மூன்று ஆச்சரியக்குறிகள்.

"கல்யாண வீட்டுல மைக் கிடைச்ச சித்தப்பா மாதிரி கத்துது" என்றான் பிக்சல். அதற்கும் சிரித்தார்கள். அவனுக்குச் சிரிப்புக் காட்டத் தெரியும். அது ஒன்றை வைத்தே பல கூட்டங்களை ஓட்டியிருக்கிறான்.

இப்போது ஓடுகிற பாணி வேறு. எதுவும் கத்தக் கூடாது. சிவப்பு ஆகாது, சிவப்பு பயமுறுத்தும். எழுத்து மெலிந்து, வெளிர் சாம்பலில், வெள்ளைப் பின்னணியில் பாதி கரைந்து நிற்க வேண்டும். சொல் இருந்த இடத்தில் சின்னம், சின்னம் இருந்த இடத்தில் வெற்றிடம். வெற்றிடத்துக்குத்தான் இப்போது மரியாதை. விரலால் தள்ளத் தள்ள வெள்ளையாக வந்துகொண்டே இருந்தால், அதற்கு "மூச்சு விடும் பக்கம்" என்று பெயர். சிலிண்டர் கம்பெனிக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன சொல்ல முடியும் என்று பிக்சல் ஒரு கூட்டத்தில் கேட்டு, அதற்கும் கைதட்டு வாங்கினான்.

ஐந்து எண்களையும் ரத்து செய்துவிட்டு ஒரே எண். பக்கத்தின் நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு, அந்த எண் மட்டும். அழுத்தினால் அழைப்பு போகும். வேறு எதுவும் இல்லை. முகவரி கூட இல்லை.

பிரச்சினை அந்த எண்ணில்தான். படம் வரையும்போது உண்மையான எண் இன்னும் வந்திருக்கவில்லை. மற்றவர்கள் இந்த மாதிரி இடங்களில் பத்து ஒன்பதுகளைப் போட்டு வைப்பார்கள். பார்த்தாலே பொய் என்று தெரியும். பிக்சலுக்கு அது பிடிக்காது. ஒன்பதுகளை வரிசையாக நிறுத்தினால் பல் செட் மாதிரி இருக்கிறது என்பான். ஒன்றும் ஏழும் வந்தால் நடுவில் ஓட்டை விழும். அக்காவின் எண்ணோ எட்டும் ஆறும் சைபருமாக உருண்டு திரண்ட எண். எந்த எழுத்துருவில் போட்டாலும் அழகு. பத்து வருடமாக வங்கி, பள்ளிக்கூடம், பூச்சி மருந்துக் கம்பெனி என்று அவன் வரைந்த எல்லாப் படத்திலும் மாதிரிக்குப் போட்டது அந்த எண்ணைத்தான்.

பத்து வருடமாக ஒன்றும் ஆகவில்லை. காரணம், படத்தைப் பார்த்து நிரல் எழுதுபவர் என்று ஒருவர் இருந்தார். ஒவ்வொரு சொல்லையும் அவர் கையால் திரும்ப அடிக்க வேண்டும். அடிக்கும்போது, "யோவ், இது யார் நம்பர்யா?" என்று கேட்பார். இந்த வருடம் புதிதாக ஒரு மென்பொருள் வந்தது. வரைந்த படத்தையே நேராக இணையதளம் ஆக்கிவிடும், நடுவில் ஆள் வேண்டாம். அவருக்கும் ஒரு கேக் வெட்டி அனுப்பிவைத்தார்கள்.

ஆள்தான் இல்லையே தவிர, பார்க்காமல் விட்டார்கள் என்று சொல்ல முடியாது. வெளியிடுவதற்கு முந்தைய கூட்டத்தில் பதினெட்டுப் பேர் அந்த எண்ணைச் சுவர் அகலத் திரையில் நாற்பது நிமிடம் பார்த்தார்கள். மூன்றாவது இலக்கத்துக்கும் நான்காவது இலக்கத்துக்கும் நடுவே இடைவெளி கொஞ்சம் அதிகமா என்று விவாதம். பிக்சல் குறைக்கலாம் என்றான். டீம் லீடர் அம்மா அப்படியே இருக்கட்டும் என்றார். வாக்கெடுப்பு நடந்தது. யாரும் டயல் செய்து பார்க்கவில்லை.

கேக் வெட்டிய மறுநாள் காலை அக்கா கூப்பிட்டாள்.

"டேய், ஒரு நிமிஷம் இருக்கா?"

"அரை நிமிஷம் இருக்குக்கா."

"விடிஞ்சதுலேர்ந்து யார் யாரோ கூப்புடுறாங்கடா. சிலிண்டர் வேணுங்கிறாங்க."

"ஸ்பேம்க்கா. பிளாக் பண்ணு."

"ஸ்பேம்காரனுக்கு இப்படியாடா மூச்சு வாங்கும்?"

"இப்பல்லாம் அதுவும் செய்வானுங்க. குரலையே மெஷின்ல செஞ்சிடுறானுங்க."

"பின்னாடி ஒரு குழந்தை தாத்தா தாத்தான்னு அழுவுதுடா."

"அதையும் செய்வானுங்க. வெச்சிடுறேன்க்கா, மீட்டிங்."

நான்கு மாதம் சிலிண்டர் கம்பெனிக்கு உழைத்தவன் சிலிண்டர் என்ற சொல்லைக் காதில் கேட்டும் எப்படி விழிக்காமல் இருந்தான் என்று கேட்கலாம். அவன் அலுவலகத்தில் நான்கு மாதமும் யாரும் சிலிண்டர் என்று சொன்னதில்லை. "பிராடக்ட்" என்றார்கள். நோயாளியை "யூசர்" என்றார்கள். மூச்சு முட்டி ஒருவர் உதவி தேடுவதற்கு "பயணம்" என்று பெயர். சிலிண்டர் என்பது இரும்பால் ஆன ஒரு பொருள், அதை ஒருவர் தோளில் சுமந்து மாடி ஏற வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் கூட்டங்களில் வந்ததே இல்லை.

அக்கா பிளாக் செய்யவில்லை. அவளுக்கு அது எப்படிச் செய்வது என்று தெரியாது. தெரிந்திருந்தாலும் செய்திருக்க மாட்டாள். அடிக்கிற போனை எடுக்காமல் விடுவது அவள் பிழைப்பில் கிடையாது. கூப்பிட்டவர்களிடம், "தவறான நம்பர்ங்க" என்றாள். "வேற நம்பர் இல்லையேம்மா" என்றார்கள். ஐந்தாவது ஆளிடம் அவளுக்கு ஒரு யோசனை வந்தது: "சிலிண்டர் மேல ஏதாவது ஒட்டியிருக்கா பாருங்க." ஒட்டியிருந்தது. கிழிந்த லேபிளின் அடியில், எறும்பு சைசில், கிடங்கின் எண். கூப்பிட்டவருக்குப் பேச மூச்சு போதவில்லை. அக்காவே கிடங்குக்குப் பேசி, முகவரி சொல்லி, வண்டி வந்ததா என்று திரும்பவும் கேட்டு, அதன் பிறகுதான் விட்ட தையலைத் தொடர்ந்தாள்.

அன்றிலிருந்து அதுவே வேலையாகிவிட்டது.

கம்பெனியில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சிலிண்டர்கள் வழக்கம்போல் போய்க்கொண்டிருந்தன. அவசர எண்ணுக்காக அவர்கள் வாங்கி வைத்திருந்த உண்மையான தொலைபேசி மட்டும் மேசை மேல் ஊமையாகக் கிடந்தது. இந்த ஊமைத்தனத்தைப் பிக்சலின் அலுவலகம் வரைபடமாகப் போட்டுக் காட்டியது. தொண்ணூற்றெட்டு சதவீதம் அழைப்புகள் குறைந்துவிட்டன! வடிவமைப்பு தெளிவாக இருந்தால் யாரும் போன் போட்டுத் தொல்லை கொடுக்க மாட்டார்கள் என்று பிக்சல் விளக்கினான். அவன் குரலில் ஒரு தழுதழுப்பு கூட இருந்தது. கம்பெனி, தொலைபேசி எடுக்கும் இருவரை வேறு வேலைக்கு மாற்றியது.

பன்னிரண்டாம் நாள் கம்பெனி மேனேஜர் அவனை அழைத்தார். குரலில் சர்க்கரை.

"சார், ரிவ்யூ எல்லாம் பாத்தீங்களா? அஞ்சு ஸ்டார், அஞ்சு ஸ்டாரா வருது. படிக்கிறேன் கேளுங்க. 'ஒண்ணை அழுத்து, ரெண்டை அழுத்துன்னு சொல்லாம ஒரு அம்மா எடுத்துப் பேசுறாங்க.' இன்னொண்ணு. 'வண்டி வர்ற வரைக்கும் எங்க அப்பாகிட்ட பேசிக்கிட்டே இருந்தாங்க, அவர் பயப்படாம இருந்தார்.' யாரு சார் அந்தம்மா? உங்க ஆபீஸா?"

"எங்க ஆபீஸ்ல போன் எடுக்குற அம்மா யாரும் கிடையாதே சார்."

"ஒரே ஒருத்தர்தான் நாலு ஸ்டார் குடுத்திருக்கார். 'பின்னாடி தையல் மெஷின் சத்தம் கேட்குது, சரி செய்யவும்.'"

பிக்சல் நடந்துகொண்டிருந்த தாழ்வாரத்திலேயே நின்றுவிட்டான். மேனேஜரின் அழைப்பைத் துண்டித்து, கைபேசியில் இணையதளத்தைத் திறந்தான். வெள்ளை. நடுவில் எண். தொட்டான்.

திரையில் "அக்கா" என்று வந்தது. கூடவே, போன பிறந்தநாளுக்கு எடுத்த, கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கும் அவள் படம்.

முதல் மணியிலேயே எடுத்தாள். யாரென்று பார்க்கவில்லை போலும்.

"சொல்லுங்க. எந்தத் தெரு?"

எண்ணை மாற்ற நான்கு நிமிடம் ஆனது. அவன் வாழ்க்கையில் இடைவெளியைச் சரிபார்க்காமல் வெளியிட்ட ஒரே பக்கம் அதுதான்.

அக்காவின் வீடு மூன்றாவது மாடியில், இரண்டு அறை. முன்னறை முழுக்கத் துணி. அவன் மூச்சிரைக்கப் போய் நின்று விஷயத்தைச் சொன்னதும் அவள் முதலில் சிரித்தாள்.

"அடப்பாவி! கம்பெனிக்காரனைப் பன்னண்டு நாளா வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டிருக்கேன். நம்ம வீட்டுக் கழுதைதானா அது?"

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. நீதான் ஸ்பேம்னு சொன்னே. அப்புறம் நாலு தடவை கூப்டேன், நீ ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினே."

அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் காசு அளவுக்கு இறங்கியிருந்தது. மேசையில் அளவு எழுதும் பழுப்புத் தாள்கள். 'இடுப்பு முப்பத்தி நாலு, நீளம் ஒரு இன்ச் குறைக்க' என்பதற்குக் கீழே, 'பழைய பேட்டரி கடை மேல, லிஃப்ட் இல்ல, நிமிஷத்துக்கு ரெண்டு லிட்டர் ஓடுது, ஒரு மணி நேரம் தாங்கும்.' அதற்குக் கீழே, 'ஜிப் மாத்தணும்.' அதற்கும் கீழே இன்னொரு தெரு. சிலிண்டர் போய்ச் சேர்ந்த ஒவ்வொரு முகவரிக்கும் தையல் சாக்கட்டியால் ஒரு டிக். பிக்சலுக்கு இந்த மாதிரி விஷயத்தில் கண் தப்பாது. நூற்றுச் சொச்சம் டிக்குகளுக்கு நடுவே டிக் இல்லாமல் ஒரு முகவரி இருந்தது.

"இது என்னக்கா? இதுக்கு மட்டும் போடல?"

அவள் அந்தத் தாளை மடித்தாள். "ஒண்ணுமில்ல. சாப்டியா?"

"யாருக்கா இது?"

"சட்டையைக் கழட்டு, பொத்தான் வெச்சுத் தரேன்" என்று சொல்லிவிட்டு, அவன் கழற்றுவதற்குள் உள்ளறைக்குப் போய்விட்டாள். நெடுநேரம் வெளியே வரவில்லை.

பிக்சல் கீழே இறங்கி வந்து கிடங்குக்குப் போன் போட்டான். அந்த முகவரியை அவன் ஒருமுறை பார்த்ததே போதும், படம்போல் பதிந்துவிட்டது.

"அங்க வண்டி போச்சாங்க?"

"போச்சு" என்றார் கிடங்குக்காரர்.

"எப்ப?"

"அம்மா சொன்னதும்."

"அம்மா எப்ப சொன்னாங்க?"

"அதை அம்மாகிட்ட கேளுங்க."

"போனப்போ அங்க இருந்தவர் எப்படி இருந்தார்?"

"தம்பி, நான் சிலிண்டரை எண்ணுறவன். ஆளை எண்ணுறதில்ல" என்று அவர் வைத்துவிட்டார்.

அடுத்துக் கூப்பிட்டபோது கம்பெனி மேனேஜரின் குரலில் சர்க்கரை தீர்ந்திருந்தது. "வக்கீல் எதுவும் பேசக் கூடாதுன்னுட்டார் சார்."

"உயிரோட இருக்காரா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க சார்."

"டிசைன் ரொம்ப நல்லா இருந்துச்சு சார். அதை நாங்க எப்பவும் சொல்வோம்."

டீம் லீடர் அம்மா அவனைக் கண்ணாடி அறைக்குள் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தார். "இதை 'தப்பு'ன்னு யாரும் எழுத வேணாம். 'கத்துக்கிட்ட விஷயம்'னு போடலாம்."

"ஒருத்தர் செத்திருந்தாங்கன்னா?"

"தெரியாததை யூகிக்க வேணாம்பா."

"தெரிஞ்சிக்கலாமே மேடம்."

"அதுக்குன்னு ஒரு முறை இருக்கு. முதல்ல ஒரு குழு போடணும்."

அவர் கெட்டவர் இல்லை. ஆனாலும் பிக்சலுக்குப் புரிந்தது: இத்தனை பேரும் சேர்ந்து அவனுக்கு ஒரு வெள்ளைப் பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு தள்ளினாலும் அடியில் ஒன்றும் வருவதில்லை. அதில் அவனுக்கு ஒரு ஆறுதலும் இருந்தது என்பதுதான் வெட்கக்கேடு. யாரும் சொல்லாத வரைக்கும் அந்த மனிதர் எங்கோ சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, மூக்கில் குழாயோடு, பேரனைத் திட்டிக்கொண்டிருக்கலாம். நேரே அந்த முகவரிக்கே போய்விடலாம் என்று மூன்று முறை கிளம்பினான். இரண்டு முறை பேருந்து நிறுத்தம் வரை, ஒரு முறை அந்தத் தெருமுனை வரை. தெருமுனையில் ஒரு பெண்மணி "யார் வேணும்?" என்று கேட்டதற்கு, "சும்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பினான். வாழ்நாளெல்லாம் யூசரின் பயணத்தைப் பற்றிப் பேசியவனால் அதற்கு மேல் ஓர் அடி வைக்க முடியவில்லை.

அதற்கு மறுநாள் காலை அக்கா வீட்டுக்கே திரும்பிப் போனான். அவள் மெஷினில் உட்கார்ந்து ஒரு பள்ளிக்கூடக் கால்சட்டையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். வாடிக்கையாளர்கள் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தான்.

"உன் கஸ்டமர் கேர் வேலை போயிடுச்சே, எப்படியிருக்கு?" என்றான். சிரிக்கவைத்துவிட்டால் மற்றதைக் கேட்பது எளிது என்பது அவன் வழக்கம்.

அவள் சிரிக்கவில்லை. "நூலைக் கோத்துக் குடு. கண்ணு தெரியல."

கோத்துக் கொடுத்தான். மூன்று முறை தவறியது.

"அந்த டிக் போடாத வீடுக்கா."

"அதை விடுடா."

"விட முடியலக்கா. எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். ஒருத்தரும் சொல்லல."

"நான் மட்டும் சொல்லணுமா?"

"உன்னை விட்டா எனக்கு யாரு சொல்வாங்க?"

மெஷின் கொஞ்ச தூரம் ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது. தையலைப் பார்த்துக்கொண்டேதான் அவள் பேச ஆரம்பித்தாள்.

"பத்தாம் நாள் மத்தியானம். அதுவரைக்கும் சேந்தாப்புல ரெண்டு மணி நேரம் தூங்கல. தலை சுத்துச்சு. ஒரே ஒரு தூக்கம் போட்டுட்டு எழுந்துடலாம்னு போனை அணைச்சு, பொத்தான் டப்பாக்குள்ள போட்டு மூடினேன். ரெண்டு மணிக்குப் படுத்தேன். எழுந்தப்போ நாலு. போனைத் திறந்தா பத்தொம்பது தடவை கூப்பிட்டிருக்காங்க. எல்லாம் ஒரே நம்பர்."

பிக்சல் மேசை மேலிருந்த பொத்தான் டப்பாவைப் பார்த்தான்.

"திருப்பிக் கூப்டேன், கூப்டேன், எடுக்கல. கடைசியில ஒரு பொண்ணு எடுத்துச்சு. அட்ரஸைக் கேட்டேன், சொல்லுச்சு. உடனே கிடங்குக்கும் சொல்லிட்டேன். மறுபடி அந்தப் பொண்ணைக் கூப்டா, 'இப்ப வேணாம்மா'ன்னுச்சு. அவ்வளவு மரியாதையா சொல்லுச்சுடா. மறுநாள் நான் நேர்ல போனேன். அவங்க அப்பா. பஸ் ஓட்டினவராம். பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாராம், அதனால நுரையீரல் தேஞ்சு போச்சுன்னு அவங்க வீட்டுல கேலி பண்ணுவாங்களாம்."

"செத்துட்டாரா?"

"மூணரை மணிக்கு."

தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே போனார்கள்.

"அந்தப் பொண்ணு போனைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டுச்சு. பெருசா என் நம்பர். நல்லாத்தான் இருந்துச்சு, பாக்க. 'இது எடுக்கலன்னதும் வேற நம்பர் தேடினேம்மா, மேல தள்ளினேன், கீழ தள்ளினேன், ஒண்ணுமே வரல, வெறும் வெள்ளையா வந்துக்கிட்டே இருந்துச்சு'ன்னுச்சு. லேபிள்ல நம்பர் இருக்கிறது அதுக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னவங்களுக்குத்தானே தெரியும்."

"நீ அணைச்சு வெச்சதுல ஒண்ணும் இல்லக்கா. அது உன் வேலையே இல்ல. யாரா இருந்தாலும் தூங்கித்தான் ஆகணும்" என்றான் பிக்சல் அவசர அவசரமாக.

"என்னோடதை நான் பாத்துக்கிறேன்டா."

"மென்பொருள் வேற புதுசு. பதினெட்டுப் பேர் பாத்தாங்க, ஒருத்தர் கூட..." அவன் பேச்சு தானாக நின்றது. முக்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டான். சின்ன வயதில் ரிப்போர்ட் கார்டை நீட்டும்போது அவள் முன்னால் இப்படித்தான் நிற்பான், சிரித்தும் சிரிக்காமலும்.

"என் தப்பாக்கா அது?"

அக்கா காலை மிதியிலிருந்து எடுத்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். அவனை நேராகப் பார்த்தாள்.

"ஆமாடா" என்றாள்.